இரவல் விலாசம்

மக்களே,

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட உட்கார்ந்தபோது நீங்கள் இரண்டு பேரும் ஒரு கேள்வி கேட்டீர்கள். முன்பெல்லாம் நம் வீட்டுக்குச் சாயங்காலமானால் பூ வருமே, பிச்சியும் மல்லியும் வாழையிலைக் கீற்றில் பொதிந்து வருமே, அது ஏன் நின்றுபோனது என்று. அம்மா என்னைப் பார்த்தாள். நான் "மோர் ஊத்து" என்று சொல்லிப் பேச்சை மாற்றினேன்.

அது நம் வீட்டு விஷயம் மட்டுமாக இருந்திருந்தால் அப்போதே சொல்லியிருப்பேன். இன்னொருத்தருடைய விஷயமும் அதில் இருக்கிறது. அதனால் இந்த வாரம் பழவங்காடிக்குப் போய் அந்தப் பூ அத்தையிடமே, "பிள்ளைகள் கேக்குதுங்க, சொல்லட்டுமா?" என்று கேட்டேன். "எனக்க பேரு மட்டும் வேண்டாம்ணே. பாக்கி எல்லாம் சொல்லுங்க. அவியளும் அதுல கஷ்டப்பட்டதுதானே" என்றாள். ஆகையால் இதில் யார் பெயரையும் எழுதவில்லை.

தமிழில்தான் எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் நீங்கள் படிப்பது மலையாளம் என்றாலும் அம்மா சொல்லிக் கொடுத்ததை வைத்து எழுத்துக் கூட்டி வாசித்துவிடுவீர்கள். எட்டாம் வகுப்போடு நிறுத்தியவன் எழுதுவது இது. தப்பு இருந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், எனக்கு ஒன்றும் இல்லை.

சாலை என்று பெயருள்ள இந்தக் கடைத்தெருவில் வேலை செய்கிற நம் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. களியக்காவிளைக்கு அந்தப் பக்கமிருந்து, அதாவது தமிழ்நாட்டு எல்லைக்குள்ளிருந்து, யாராவது வைத்தியத்துக்கு இந்த ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்தால், ஓ.பி. சீட்டு எழுதுகிற இடத்தில் தங்கள் ஊர் விலாசத்தைச் சொல்ல மாட்டார்கள். இங்கே சாலையில் குடியிருக்கிற தெரிந்த ஆள் யாருடைய விலாசத்தையாவது சொல்வார்கள். "சீட்டுக்கு ஒரு விலாசம் தாங்க" என்று கேட்டால் நாங்களும் மறுப்பதில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டால் கொடுக்கிற மாதிரி கொடுத்துவிடுவோம்.

அது தேவைதானா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. எப்போதோ யாரையோ கவுன்ட்டரில் இருந்தவர், "நிங்ஙளுடெ நாட்டில் ஆஸ்பத்திரி இல்லே?" என்று கேட்டாராம். உங்கள் ஊரில் ஆஸ்பத்திரி இல்லையா என்று. சும்மா கேட்டதாகக்கூட இருக்கலாம். ஆனால் அந்தக் கேள்வி பஸ் ஏறி எல்லை தாண்டிப் போய்விட்டது. அந்தப் பக்கத்து இன்சூரன்ஸ் அட்டை இங்கே செல்லாது, இங்கே எழுதித் தருகிற மருந்து அங்கே கிடைக்காது என்று ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லிக்கொண்டார்கள். எது உண்மை என்று எந்த ஆபீஸில் போய்க் கேட்பது? விலாசத்தை இரவல் வாங்கிக்கொள்வது அதைவிடச் சுலபமாக இருந்தது.

உங்கள் அம்மா இதை வைத்து என்னைக் கேலி செய்வாள். "நம்ம ஒத்த ரூம்புக்குள்ள ஆஸ்பத்திரிக் கணக்குல ஒரு கல்யாண மண்டபக் கூட்டமே குடியிருக்கு. ரேஷன் அரிசி மட்டும் நாலு பேருக்குத்தான் வருது" என்பாள்.

அப்படிக் குடியேறியவர்களில் ஒருத்திதான் பூ அத்தை. பழவங்காடிப் பிள்ளையார் கோவிலுக்கு எதிரே பூக்காரப் பெண்கள் கூடையோடு வரிசையாக உட்கார்ந்திருப்பார்களே, அதில் நடுவில் இருப்பவள். அவளுக்கு வீடு களியக்காவிளையில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து போகிற தூரத்தில், தமிழ்நாட்டில். வரிசையில் அவளுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்திருப்பவர்கள் அவளுடைய தெருக்காரிகள். எல்லோரும் விடிவதற்கு முன்னால் ஒரே பஸ்ஸில் ஏறி வந்து, சாலைப் பூச்சந்தையில் பூ எடுத்து, கட்டி விற்றுவிட்டு, சாயங்காலம் ஒரே பஸ்ஸில் திரும்பிப் போகிறவர்கள். அவளுடைய ஊர் ஆரம்ப சுகாதார நிலையம் திறக்கும்போது அவள் பழவங்காடியில் முழம் போட்டுக்கொண்டிருப்பாள். அவள் ஊரில் போய் இறங்கும்போது அங்கே வாட்ச்மேன் மட்டும்தான் இருப்பார். தூங்குவதற்கு மட்டும் தமிழ்நாடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் டீ குடிக்கிற கடை அவளுடைய கூடைக்குப் பக்கத்தில். ஒரு நாள் எழுந்து வந்து, "அண்ணே, ஒரே இருமலா இருக்கு. பெரிய ஆஸ்பத்திரியில காட்டணும். சீட்டுக்கு ஒங்களுக்க விலாசத்தச் சொல்லிக்கிடட்டா?" என்று கேட்டாள். சொல்லிக்கொள் என்றேன். "என்ன உறவுன்னு கேட்டா?" "அண்ணன்னு சொல்லு." அவ்வளவுதான். டீக் கிளாஸைக் கீழே வைத்ததும் மறந்துவிட்டேன்.

பிறகு ஒரு ஹர்த்தால் நாள் வந்தது. கடை இல்லை, பஸ் இல்லை, நம் ஊடுவழியில், இந்தச் சின்னச் சந்தில், எல்லா வீட்டிலும் எல்லோரும் இருந்தார்கள். அன்றைக்குப் பார்த்து ஆஷா சேச்சி வந்தாள். ஆஷா என்பது அவளுடைய பெயர் இல்லை. வீடு வீடாக வந்து தடுப்பூசி, காய்ச்சல் எல்லாம் விசாரிக்கிற சுகாதாரப் பணியாளர்களை இங்கே அப்படித்தான் சொல்வோம். அவள் பக்கத்து வார்டுக்காரி. பஸ் இல்லாவிட்டால் என்ன, நடந்தே வந்துவிட்டாள்.

நம் வீட்டுச் சுவரில் இருந்த டி.சி. நம்பர், அதாவது கார்ப்பரேஷன் கொடுத்த வீட்டு எண், மழையில் கரைந்து, பாசி பிடித்து, இருந்ததா இல்லையா என்றே தெரியாமல் கிடந்தது. அவள் கையில் வைத்திருந்த நம்பரைச் சொல்லி முதல் வீட்டில் கேட்டாள். அவர்கள் இரண்டாம் வீட்டைக் காட்டினார்கள். இரண்டாம் வீட்டில் இல்லை என்றார்கள். இப்படியே ஒவ்வொரு வாசலாகக் கேட்டு, கடைசியில் மாடியில் இருக்கிற வீட்டுக்கார அம்மா எட்டிப் பார்த்து, "ஆ தமிழன்றெ வீடா, தாழெ" என்று கீழே கையைக் காட்டித்தான் வந்து சேர்ந்தாள். வாய்க்கு மாஸ்க், தோளில் மருந்துப் பை. யாரிடமும் எதுவும் சொல்லவில்லை, விலாசம் மட்டும்தான் கேட்டாள். ஆனால் எங்கே போகிறாள் என்று ஊடுவழி முழுக்க வாசலில் நின்று பார்த்தது.

"அண்ணா, நிங்ஙளுடெ பெங்ஙள் எவிடே?" என்று கேட்டாள். உன் தங்கச்சி எங்கே என்கிறாள்.

"எனக்குத் தங்கச்சியே இல்லையே சேச்சி."

உள்ளே தையல் மிஷினில் இருந்த அம்மா, "ஏங்க, சீட்டுத் தங்கச்சியா இருக்கும், யோசிச்சுப் பாருங்க" என்றாள்.

ஆஷா சேச்சி உள்ளே வந்து குரலை இறக்கிச் சொன்னாள். பூ அத்தையின் சளியைச் சோதித்ததில் டி.பி. என்று வந்திருக்கிறது. அவள் கொடுத்திருந்த போன் நம்பர் ரீசார்ஜ் பண்ணாமல் செத்துப்போன பழைய நம்பர். அதனால்தான் விலாசத்தைப் பிடித்து வந்திருக்கிறாள். உடனே மாத்திரை தொடங்க வேண்டும், இடையில் நிறுத்தாமல் மாசக் கணக்கில் சாப்பிட வேண்டும். தொடங்காவிட்டால் அவளுக்கும் ஆபத்து, அவள் வீட்டில் இருப்பவர்களுக்கும் பரவும். "மருந்து ஃப்ரீயா அண்ணா. ஒரு பைசா வேண்டா. ஆளைக் கிட்டியா மதி." ஆள் கிடைத்தால் போதும் என்கிறாள்.

நான் உண்மையைச் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. நெற்றியில் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டு சிரித்தாள். "இதிப்போ எத்தராமத்தெ பெங்ஙளா!" என்றாள். இது எத்தனையாவது தங்கச்சி என்கிறாள். சாலையில் இப்படி எத்தனை சீட்டுத் தங்கச்சிகளைத் தேடி அலைந்தாளோ. பிறகு, ஊர் எதுவென்று சொன்னால் அந்த ஊர் சுகாதார நிலையத்துக்கே மாற்றிக் கொடுத்துவிடலாம், அங்கேயும் இதே மாத்திரை இலவசமாகவே கிடைக்கும் என்றாள். கேட்டதும் எனக்கு இவ்வளவுதானா என்று இருந்தது.

மறுநாள் காலையில் பழவங்காடிக்குப் போனேன். போய் நின்றபோதுதான் சிக்கல் புரிந்தது. அவளுடைய தோளோடு தோள் ஒட்டித் தெருக்காரிகள். நான் பூவே வாங்காத ஆள். ஒரு முழம் வாங்கினேன். தெருக்காரிகள் காதில் விழாமல் சொல்ல வழி இல்லை. கோவிலைச் சுற்றிவிட்டு வந்து இன்னொரு முழம் வாங்கினேன்.

பக்கத்துப் பூக்காரி விடுவாளா? "என்ன அண்ணாச்சி, ராத்திரி வீட்டுல பலமான சண்டையா? ஒரு முழத்துல சமாதானம் ஆவாதோ?" என்றாள். இந்தப் பக்கம் இருந்தவள், "காலுல விழுந்தாருன்னா பூச்செலவு மிச்சம்" என்றாள். வரிசையே சிரித்தது. பூ அத்தை மட்டும் சிரிக்கவில்லை. நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

தேங்காய் உடைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் கூட்டம் அதிகம், சத்தமும் அதிகம். அங்கே வந்து நின்றாள். சொன்னேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டாள். ஊருக்கே மாற்றிக் கொடுப்பார்கள், கவலைப்படாதே என்று நான் சொன்னதும் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று.

"அண்ணே, அங்க மாத்துனா எங்க நர்ஸம்மா வீட்டுக்கு வருவா. அவ நல்லவதான். ஆனா எதுத்த வீட்டுக்காரியும் அடுத்த வீட்டுக்காரியும் யாருன்னு நெனைக்கிய? இப்ப ஒங்கள கேலி பண்ணினாளுவளே, அவளுவதான். நர்ஸம்மா வாசல்ல வந்து நின்னது விடியக்காலத்து பஸ்ஸுல ஏறி இங்க வந்துரும். இருமுகவ கட்டுன மாலைய பிள்ளையாருக்கு யாரு வாங்குவா? நீங்க வாங்குவியளா?"

"பூவுல எல்லாம் ஒட்டாதுன்னு சேச்சி சொன்னா."

"சேச்சிக்குத் தெரியும். பூ வாங்குகவியளுக்குத் தெரியுமா? எனக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளியள்ணே. அவியளுக்க அப்பா போனப்பறம் இந்தக் கூடைதான்."

"அப்ப மாத்திரைய இங்கயே சாப்பிடு."

"எங்க வச்சு? கூடைக்க பக்கத்துல வச்சா?"

அப்படிச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அடுத்த நாள் அவளுடைய இடம் காலியாகக் கிடந்தது. அதற்கடுத்த நாளும் அப்படித்தான். காய்ச்சல் என்று தெருக்காரிகள் சொன்னார்கள்.

அந்த நாட்களில்தான் நீங்கள் இரண்டு பேரும் ஒரு சாயங்காலம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தீர்கள். "அப்பா, அவங்க எங்களெ களிக்கான் கூட்டுந்நில்ல" என்று. விளையாடச் சேர்க்கவில்லையாம். மாடியில் இருக்கிற பையன் பந்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டானாம். உங்கள் வீட்டில் நோய் இருக்கிறது, நீங்கள் வரக்கூடாது என்று பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாளாம். அம்மாவிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுத்திருந்தவர்கள் தைத்தது பாதி தைக்காதது பாதியாக வந்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

அம்மாவுக்கு ஆத்திரம் வந்துவிட்டது. வரத்தானே செய்யும். "ரெண்டு பிள்ளைகள வச்சுக்கிட்டு யாருக்கோ வந்த சீக்க நாம சொமக்கணுமா? மேல போய்ச் சொல்லிட்டு வாங்க, நமக்கு இல்ல, பூக்காரிக்குன்னு" என்றாள். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. இரண்டு பேருமாக மாடி ஏறினோம்.

வீட்டுக்கார அம்மா கதவைப் பாதி திறந்துவைத்துக்கொண்டு நின்றார். "ஆர்க்கா அசுகம்?" என்று நேராகவே கேட்டார். யாருக்கு நோய்? நான் சொல்ல வாயைத் திறந்தேன். அம்மா என் சட்டைக் கையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தாள். "எனக்குத்தான் சேச்சி. கொஞ்சம் இருமல். மருந்து தொடங்கப் போறேன்" என்றாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கீழே இறங்கி வந்து கேட்டேன். "உள்ள சாமி அலமாரிய நீங்க பாக்கலியா?" என்றாள் அம்மா. நான் பார்க்கவில்லை. பாதித் திறந்த கதவுக்குள் அவள் பார்த்திருக்கிறாள். படங்களுக்கெல்லாம் அன்றைக்குக் கட்டிய பிச்சிப்பூ. வீட்டுக்கார அம்மா தினமும் காலையில் பழவங்காடியில் தொழுதுவிட்டு அங்கேயே பூ வாங்கி வருகிறவர். அவரிடம் பூக்காரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மறுநாள் காலையில் எந்தப் பூக்காரி என்று அந்த வரிசையில் கேட்காமல் வந்திருக்க மாட்டார்.

"எனக்கு ஜாக்கெட் போனா பாவாட தச்சுக்கிடுவேன். அவளுக்கு அந்த எடத்த விட்டா வேற எங்க போய் உக்காருவா?" என்றாள். பிறகு கொஞ்சம் அழுதாள். அதையும் எழுதுகிறேன், ஏனென்றால் அம்மா ஏதோ சிரித்துக்கொண்டே இதைச் செய்தாள் என்று நீங்கள் நினைக்கக்கூடாது.

பூ அத்தை திரும்ப வந்த அன்றைக்கு அம்மாவே பழவங்காடிக்குப் போனாள். நான் செய்த மாதிரி சுற்றிச் சுற்றி வரவில்லை. எல்லோர் காதிலும் விழும்படி, "இந்தா, நம்ம வீட்டுக்கு வாடிக்கைப் பூ வேணும். தெனமும் நீயே கொண்டாந்து தரணும்" என்றாள்.

பக்கத்துப் பூக்காரி, "ஏன், எங்கப் பூவெல்லாம் மணக்காதோ?" என்று கேட்டாள்.

"மணக்கும். ஆனா இவ எங்க வீட்டுக்காரருக்குத் தங்கச்சி. ஆஸ்பத்திரிச் சீட்டுல இருக்கு, போய்ப் பாரு" என்றாள் அம்மா. விளையாட்டு என்று நினைத்து எல்லோரும் சிரித்தார்கள். பூ அத்தை அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். வாடிக்கை வீட்டுக்குப் பூ கொடுக்கப் போகிறவளை யாரும் எங்கே போகிறாய் என்று கேட்க மாட்டார்கள்.

ஆஷா சேச்சி மேலதிகாரி யாரிடமோ பேசி, அவள் நம் வீட்டில் வைத்தே மாத்திரை சாப்பிடலாம், அதை நாங்கள் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தாள். எனக்குப் பயம் இல்லாமல் இல்லை. உங்களைக் கூட்டிக்கொண்டு போய்ச் சோதித்துப் பார்த்து, ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது. அவள் வீட்டுக்குள் வர மாட்டாள். வாசற்படியில், காற்றோட்டமாக, மாஸ்க்கோடு உட்காருவாள். நோய் இருக்கிற வீட்டுக்குப் பூ கொண்டுவருகிறவள் மாஸ்க் போட்டிருக்கிறாள் என்று பார்த்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள். நன்றாகக் குறையும்வரை நீங்கள் கிட்டே போகக் கூடாது என்பது சேச்சியின் கட்டளை. அத்தைக்குச் சளி என்று சொல்லி உங்களை உள்ளே இருத்தினோம்.

முதலில் காலையில் பூ விற்க உட்காருவதற்கு முன்னால் வந்து சாப்பிட்டாள். அதில்தான் எல்லாம் கெட்டுப்போகப் பார்த்தது. அந்த மாத்திரை குமட்டும். குமட்டலோடு போய்ப் பிச்சிக்கும் மல்லிக்கும் நடுவில் பகல் முழுக்க உட்கார வேண்டும். இருபது வருடமாக மூக்கிலேயே இருந்த வாசனை இப்போது வயிற்றைப் புரட்டியது. ஒரு நாள் மாலை கட்டிக்கொண்டிருக்கும்போதே எழுந்து ஓடி வாந்தி எடுத்திருக்கிறாள். தெருக்காரிகள் ஒரு மாதிரி பார்த்திருக்கிறார்கள். மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாள் வந்து, மாத்திரைப் பட்டையை அம்மாவின் கையில் கொடுத்தாள்.

"மைனி, எனக்குப் பயமாட்டு இருக்கு. மாத்திரையத் தின்னா பூவ விக்க முடியல்ல. பூவ விக்கல்லன்னா எதத் தின்ன?"

அம்மா பட்டையை வாங்கி மிஷின் மேல் வைத்தாள். "போய் உக்காரு, சாயங்காலம் வந்துட்டுப் போ" என்று மட்டும் சொன்னாள். பிறகு ஆஷா சேச்சியைப் போனில் கூப்பிட்டு, தன் அரைகுறை மலையாளத்தில் சண்டையே போட்டாள். பூக்காரிக்குப் பூ மணம் சேராத மருந்தா கொடுப்பீர்கள் என்று. சேச்சி டாக்டரிடம் கேட்டுவிட்டுத் திரும்பக் கூப்பிட்டாள். நேரத்தை மாற்றிக்கொள்ளலாம், தினமும் ஒரே நேரமாக இருந்தால் போதும். மத்தியானச் சாப்பாடு செரித்த பிறகு, பூ விற்று முடித்து, பஸ் ஏறுவதற்கு முன்னால். குமட்டலுக்கும் ஒரு மாத்திரை தந்தார்கள்.

நம் வீட்டுக்குச் சாயங்காலப் பூ வந்த கதை இதுதான். கூடையில் மிஞ்சியதை வாழையிலைக் கீற்றில் பொதிந்து எடுத்துக்கொண்டு வருவாள். படியில் உட்கார்ந்து, அம்மா பார்க்க மாத்திரையை விழுங்குவாள். பஸ்ஸுக்கு ஓடுவாள். அந்த நேரத்தில் நீங்கள் பள்ளிக்கூடம் விட்டு வருவீர்கள். "அத்தை, இன்னிக்கு என்ன பூ?" என்று தூரத்தில் நின்றே கேட்பீர்கள். சாமி படம் நிறைந்து, பிறகு அம்மாவின் தலை நிறைந்து, பிறகு தையல் மிஷினுக்கே ஒரு சரம் சுற்றிவைத்தீர்களே, அது அந்த நாட்களில்தான்.

மாடியில் வீட்டுக்கார அம்மா முதலில் வீட்டைக் காலி செய்யச் சொல்லலாமா என்று யோசித்தார். ஆஷா சேச்சி ஒரு நாள் அவரிடம் போய், மருந்து தொடங்கினால் கொஞ்ச நாளில் பரவாது, பயப்பட வேண்டாம் என்று எடுத்துச் சொன்னாள். யாருக்கு நோய் என்று அவளும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லையே, அம்மாவுக்குத்தான் என்று அவருக்குத் தெரியுமே. பிறகு அவருக்கு மனசு என்னவோ ஆகிவிட்டது. அம்மாவுக்கு முட்டை கொடுத்துவிட ஆரம்பித்தார். "முட்டை கழிக்கணம், பால் குடிக்கணம்" என்று மாடிப்படியில் நின்றே சொல்வார். கழிக்கணம் என்றால் சாப்பிட வேண்டும். அம்மா அதை வாங்கி அவித்து வைப்பாள், பூ அத்தை கொண்டுபோவாள். வீட்டுக்கார அம்மாவின் முட்டை களியக்காவிளை தாண்டிப் போய்க்கொண்டிருந்தது அவருக்கு இன்றுவரை தெரியாது. அம்மா தேறி வருவதாக அவர் எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னார்.

பூ அத்தையின் மகள்களையும் சோதிக்க வேண்டும் என்று சேச்சி விடாமல் சொன்னாள். அத்தை ஊரில் செய்யப் பயந்து, மிருகக்காட்சிசாலை பார்க்கப் போகிறோம் என்று சொல்லி ஒரு விடுமுறை நாளில் இரண்டு பெண்களையும் கூட்டி வந்தாள். எக்ஸ்ரே எடுத்தார்கள். இரண்டும் சுத்தம் என்றார்கள். பிறகு சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற மாதிரி நிஜமாகவே மிருகக்காட்சிசாலைக்குப் போனோம். நீங்களும் வந்தீர்கள். நீர்யானை வாயைத் திறக்கவே இல்லை என்று எல்லோரும் குறைப்பட்டுக்கொண்டோமே, அன்றைக்கு.

உங்கள் கூட்டாளிகள் எப்போது திரும்ப விளையாட வந்தார்கள் என்று எனக்குச் சரியாக நினைவில்லை. ஒரு நாள் ஊடுவழியில் பந்துச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன், நீங்களும் இருந்தீர்கள். ஆனால் அதுவரை நீங்கள் இரண்டு பேரும் மட்டும் படியில் உட்கார்ந்து கல்லை வைத்து விளையாடிய சாயங்காலங்கள் எனக்கு நினைவிருக்கிறது. உங்களிடம் காரணத்தைச் சொல்லியிருந்தால் நீங்கள் தாங்கியிருப்பீர்களோ என்னவோ. சின்னப் பிள்ளைகள், விளையாட்டு வாக்கில் சொல்லிவிடுவீர்களோ என்று பயந்தோம்.

மாத்திரை முடிந்தது. சளியைத் திரும்பச் சோதித்து, குணமாகிவிட்டது என்றார்கள். மறுநாள் சாயங்காலமும் அவள் பழக்க தோஷத்தில் பூவோடு வந்து படியில் உட்கார்ந்தாள். அம்மா உள்ளேயிருந்து தண்ணீர்ச் செம்போடு வந்து நின்றாள். அதற்குப் பிறகுதான் விழுங்க ஒன்றும் இல்லை என்று இரண்டு பேருக்கும் உறைத்திருக்கிறது. "இனிமே மிச்சப் பூவயும் வித்துட்டுப் போ, போ" என்று அம்மா விரட்டினாள். இருந்தும் கொஞ்ச நாள் கொண்டுவந்தாள். பிறகு பஸ் நேரத்தை மாற்றிவிட்டார்கள், வர முடியாமல் போனது. இப்போதும் அதே இடத்தில்தான், அதே இரண்டு தெருக்காரிகளுக்கு நடுவில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

இதெல்லாம் முடிந்து கொஞ்ச காலம் ஆகியிருக்கும். டீக்கடையில் ஒருவர் என்னிடம் வந்தார். பஸ்ஸில் வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. தன் தாயாருக்குக் கண் பார்க்க வேண்டும், ஊர் எல்லைக்கு அந்தப் பக்கம், சீட்டுக்கு ஒரு விலாசம் கிடைக்குமா என்று கேட்டார். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அதற்குப் போய் வீட்டில் கேட்டேன்.

அம்மா மிஷினை நிறுத்தவே இல்லை. "குடுங்க. நம்ம போன் நம்பரையும் சேத்துக் குடுங்க. வாற ஆளு நம்ம வீட்டத் தேடி பத்து வாசல்ல கேக்கக் கூடாது, அதான் எனக்கு" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் உங்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போயிருந்தாள். நான் வேலை செய்கிற இரும்புக் கடையில், கலர் பார்க்கத் திறந்து விற்காமல் கிடந்த ஒரு சின்ன டப்பா கறுப்புப் பெயின்டை முதலாளியிடம் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். கரண்டியால் சுவரில் இருந்த பாசியைச் சுரண்டினேன். அடியில் பழைய நம்பரின் தடம் லேசாகத் தெரிந்தது. அதன் மேலேயே, எழுத்து கோணாமல் இருக்க முழங்கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகப் பெரிதாக எழுதினேன். பிரஷ்ஷை டப்பாவின் மேல் வைத்துவிட்டு, ஊடுவழியின் முனை வரைக்கும் நடந்து போய்த் திரும்பிப் பார்த்தேன். அங்கிருந்தே வாசிக்க முடிந்தது.